ஆளறிவும் கணக்கும்
மாவோரி மக்கள் தம்மவரைத் தொழிலில் அமர்த்திய வரலாறு

பள்ளிக்கூடத்தில் நாடோறும் முதன் மணியில் ஆசிரியன் கையிலெடுப்பது பெயரேடு. அவ்வேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே வந்தான், வாரான் என்னும் குறி இடப்படும். அவ்வளவில் ஏட்டின் பணி முடிந்தது. ஆனால், அந்நாற்பதின்மருள் எவன் கணக்கில் வல்லன், எவன் விடியுமுன் எழுந்து வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்தவன், எவனை முன்னிறுத்தினால் ஏனையோர் பின்தொடர்வர், எவனைக் கடிந்தால் மறுநாள் வாரான் என்பனவற்றை அவ்வேடு சொல்லாது. பெயரை அறிதல் வேறு, ஆளை அறிதல் வேறு. இருபதாண்டிற்கு மேலாக இத்தொழிலில் உழலும் யாம் இவ்வொரு பாடத்தையே நாளும் கற்று வருகின்றோம்.

பள்ளிக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாட்டிற்கும் சமூகத்திற்கும் பொருந்துவதேயாம். திருவள்ளுவனார் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்றும், தெரிந்து வினையாடல் என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்தல் முன்னது. தேர்ந்தாரை ஏற்ற வினைக்கண் ஆளுதல் பின்னது. இக்காலத்தார் மனிதவள மேலாண்மை என்று பெயரிட்டுக் கல்லூரிகளில் தனிப்பாடமாகக் கற்பிப்பது இவ்விரண்டனையும் தழுவியதே. ஆயினும், அப்பாடம் பெரிதும் ஆலைகளையும் வாணிகக் கழகங்களையும் மனத்திற்கொண்டு எழுந்தது. உறவாலும் மண்ணாலும் கட்டுண்ட ஒரு தொல்குடி தன் மக்களைத் தானே எண்ணித் தானே தேர்ந்து தொழிலில் அமர்த்தப் புகுந்தால் யாது நிகழும்? அதனால் வரும் நன்மை யாது? இடர் யாது? இவ்வினாக்களுக்கு விடைதரவல்ல வரலாறு ஒன்றை நேயர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அது நியூசீலாந்து நாட்டின் தொல்குடியினராகிய மாவோரி மக்களின் வரலாறு.

குடியும் தொழிலும்

மாவோரி மக்களின் முன்னோர் கீழைப் பாலினீசியத் தீவுகளினின்றும் மரக்கலங்களிற் போந்து, கி.பி. 13-ஆம் நூற்றாண்டளவில் நியூசீலாந்தில் குடியேறினர். அவர்தம் மொழியில் ஙகரம் சொல்லுக்கு முதலாதல் பெருவழக்கு. தமிழில் அவ்வெழுத்து மொழிமுதலாதல் மிக அருகியே காணப்படுதலின், ஙாத்தா, ஙாத்தி போரௌ முதலிய பெயர்களைப் பின்னர்க் காணுங்கால் நேயர்கள் அச்சுப்பிழையென்று கருதாதிருப்பார்களாக.

அம்மக்களின் சமூகம் மூன்று அடுக்கினது. ஃபானவு என்பது பாட்டன் முதல் பேரன் வரை அடங்கிய பெருங்குடும்பம். அத்தகைய குடும்பங்கள் பல சேர்ந்தது ஹப்பூ என்னும் கிளை. கிளைகள் பல சேர்ந்தது இவி என்னும் குடி. ஒவ்வொரு கிளைக்கும் மராயே என்னும் பொதுமன்றும், அதன்கண் முன்னோர் உருவங்கள் செதுக்கிய மன்றகமும் உண்டு. அங்குக் கூடும் கூட்டம் ஹுயி எனப்படும். குடித்தலைவன் ரங்கத்திரா எனப்படுவான்.

சர்க்கரைவள்ளித் தோட்டம் இடுதல், பெருவலை பின்னுதல், காட்டுமரம் வீழ்த்திப் போர்ப்படகு குடைதல் ஆகிய தொழில்கள் அனைத்தும் பலர் கூடிச் செய்யவேண்டியன. கூலி என்பதொன்று அக்காலத்தில் இல்லை. அங்ஙனமாகவும் வேலை தவறாது நடந்தது. தலைவன் தானும் மண்வெட்டுங்கோல் ஏந்தி முன்னின்றான்; இன்னவன் இன்னதில் வல்லன் என்பது ஊரறிந்த செய்தியாயிருந்தது; உழையாதவன் விருந்து நாளில் நாணித் தலைகுனிந்தான்; விளைந்ததைத் தலைவன் பலர்க்கும் பகுத்தான். ஆக்லாந்து நகரிற் பிறந்த மானிடவியலறிஞர் ரேமண்ட் பர்த் என்பார் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலொன்றில் மாவோரியரின் இத்தொழின்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். எழுத்திலமைந்த ஏடு ஒன்றுமின்றியே ஒரு சமூகம் தன் ஆள்வலிமையைக் கையாண்டது என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

பெயர்ச்சீட்டுக் கொண்டு வந்தவர்

1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னுமிடத்தில் மாவோரித் தலைவர்க்கும் ஆங்கில அரசியார்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் ஆங்கிலேயர் ஆயிரமாயிரமாக வந்திறங்கினர். நிலத்தின்மேல் வேட்கை மிகுந்தது. நிலம் கைமாறிப் போதலைத் தடுக்கவெண்ணிய குடிகள் 1858-ஆம் ஆண்டில் வைக்காத்தோ நாட்டுப் போத்தாத்தாவு என்பாரைத் தமக்கு அரசராக்கின. 1863 ஜூலையில் அரசாங்கப் படை மங்காத்தாஃபிரி ஓடையைக் கடந்து வைக்காத்தோவினுட் புகுந்தது. அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் செய்து, எதிர்த்தோர் நிலமென்று ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கரை வைக்காத்தோ மக்களிடமிருந்து பறித்தனர். இரண்டாம் அரசராகிய தாஃபியாவோ 1881-இல் படைக்கலத்தைக் கீழே வைத்து, இனித் தம் மக்கள் குருதி சிந்தலாகாதென்று விலக்கினார்.

இச்செய்திகளை மனத்திற்கொண்டு முதல் உலகப் பெரும்போரைக் காண்போமாக. 1914-இல் போர் மூண்டபொழுது, பார்லிமெண்டிலிருந்த மாவோரி உறுப்பினர் ஒரு குழுவாகக்கூடித் தம்மவரைப் படைக்குத் திரட்டும் பணியை ஏற்றனர். குடிதோறும் சென்று, மன்றுதோறும் பேசினர். இளைஞர் பலர் தாமே முன்வந்தனர். மாவோரிப் பயனியர் படையிற் போர் முடியுமுன் பணியாற்றிய மாவோரியர் 2,227 பேர். பசிபிக் தீவினர் 458 பேர். இவர்களுள் 336 பேர் உயிர் துறந்தனர்.

வைக்காத்தோ மக்கள் மட்டும் வரவில்லை. தம் நிலத்தைப் பறித்த அரசின்பொருட்டுக் கடல்கடந்து போரிடுதல் எவ்வாறு தகும் என்பது அவர் வினா. அரசரது விலக்கும் அவர் நெஞ்சில் நின்றது. அரசு அவ்வினாவுக்கு விடை கூறவில்லை. 1917-ஆம் ஆண்டில் கட்டாயப் படைச் சட்டத்தை மாவோரியர் மீதும் விரித்து, நடைமுறையில் வைக்காத்தோ, மணியாப்போத்தோக் குடிகளின்மேல் மட்டும் அதனைச் சுமத்திற்று. ஏட்டிலிருந்த பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எடுத்த பெயர்க்குரியானைத் தேடிக் காவலர் புறப்பட்டனர்.

அப்போழ்து அம்மக்களைக் காத்து நின்றவர் தாஃபியாவோ அரசரின் பெயர்த்தியாராகிய தே புவேயா அம்மையார். சீட்டு விழுந்த இளைஞரையெல்லாம் மங்காத்தாஃபிரியிலுள்ள தம் மன்றிற் கூட்டி வைத்தார். 1918 ஜூனில் காவலர் வந்தனர். ஒருவரும் கையோங்கவில்லை, ஒருவரும் எழுந்து நடக்கவுமில்லை. காவலர் ஒவ்வொருவரையாகத் தூக்கிச் செல்லவேண்டியதாயிற்று. அங்ஙனம் கொண்டுபோகப்பட்டவருள் அப்போதைய அரசராகிய தே ராத்தாவின் இளவலும் ஒருவர். பாசறையில் அவர்கள் படையுடை தரியாது மறுத்தனர், வெறும் ரொட்டியும் நீருமே உணவாகத் தரப்பட்டனர், கடுங்காவலும் பெற்றனர். நவம்பரிற் போர் முடிந்தது. கட்டாயத்தினால் இழுக்கப்பட்ட வைக்காத்தோ இளைஞருள் ஒருவர்தாமும் போர்முனைக்கு அனுப்பப்பட்டிலர்.

சட்டம் இருந்தது, ஏடு இருந்தது, காவல் இருந்தது. கிடைத்த படைவீரர் எவருமிலர். கிடைத்தது தலைமுறை கடந்த கசப்பு ஒன்றே.

கணக்கில்லா அன்பு

போரின் முடிவில் பரவிய விடக்காய்ச்சலில் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தே புவேயா அம்மையார் தம்மிடம் சேர்த்து வளர்த்தார். 1921-ஆம் ஆண்டில் அம்மக்களுடன் ஙாருவாவாஹியா நகர்க்குப் பெயர்ந்து, புதர் மண்டிய சேற்றுநிலத்தில் தூரங்கவைவை என்னும் புதிய மன்றத்தை எழுப்பத் தொடங்கினார். காலூன்றும் இடம் என்பது அப்பெயரின் பொருள். கையிற் பொருளில்லை. ஆடவர் புதர் வெட்டும் ஒப்பந்த வேலைக்குச் சென்றனர், பெண்டிர் தோட்டமிட்டனர், இளைஞரும் மகளிரும் ஆடல்பாடற் குழுவாகி ஊரூராய்ச் சென்று பொருளீட்டினர். யார் எதற்குத் தக்கவர் என்று அம்மையார் அறிந்திருந்தார். அவர் சொன்ன வேலைக்கு எவரும் மறுத்துரைத்திலர்.

இம்முறையை நாடளாவ விரிக்க முயன்றவர் ஸர் ஆப்பிரானா ஙாத்தா. கிழக்குக் கடற்கரையின் ஙாத்தி போரௌக் குடியினர். 1905 முதல் 1943 வரை பார்லிமெண்டில் அமர்ந்தவர். 1928-இன் இறுதியில் மாவோரியர் துறைக்கு அமைச்சரான அவர், மறுவாண்டில் ஒரு சட்டத்தின் வாயிலாக, தரிசாய்க் கிடந்த மாவோரி நிலங்களைப் பால்பண்ணைகளாக்க அரசுப்பணம் கிடைக்கச் செய்தார். அவ்வேலைகளை மேற்பார்க்க அந்தந்தக் குடியின் தலைவர்களையே அமர்த்தினார். வைக்காத்தோவில் தே புவேயா அம்மையாரே மேற்பார்வையாளரானார். தம் தலைவர் சொன்னால் மக்கள் உழைப்பர் என்பது ஙாத்தாவின் துணிபு. அத்துணிபு பொய்க்கவில்லை. காடு திருத்தப்பட்டது, வேலி இடப்பட்டது, தொழிலின்மையால் நாடே வாடிய அந்நாளில் பலர்க்கு வேலை கிடைத்தது.

ஆனால் வேறொன்று பொய்த்தது. வேலை ஓடிய விரைவில் கணக்கு ஓடவில்லை. செலவுச்சீட்டுகள் உரிய காலத்தில் வாரா, விதிகள் புறக்கணிக்கப்பட்டன. 1934-ஆம் ஆண்டில் அரச விசாரணைக்குழு ஆராயப் புகுந்தபொழுது, துறையைச் சேர்ந்த ஒருவர் பொய்க்கணக்கு எழுதியது வெளியாயிற்று. ஙாத்தா தம் குடும்பத்தார்க்கும் குடியார்க்கும் நன்மை விளையச் செய்தார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. பெருங்கேடு ஒன்றும் நிகழவில்லையென்று அவர் வாதித்தார். ஆயினும், தம் கீழுள்ளார் செயலுக்குத் தாமே பொறுப்பென்று ஏற்று அமைச்சுப் பதவியைத் துறந்தார். மாவோரியர் தம் செயலைத் தாமே நடத்தவல்லர் என்று காட்டுதற்கு அவர் எடுத்த பெருமுயற்சியே, அவர் நடத்தவல்லர் அல்லர் என்று கூறுவார் வாய்க்கு அவலாயிற்று.

ஈண்டு எம் வாழ்வில் நேர்ந்ததொன்றைக் கூறாது மேற்செல்ல எம் மனம் ஒருப்படவில்லை. பல்லாண்டுகட்கு முன் யாம் உறுப்பினராயிருந்த கழகமொன்று ஏழை மாணாக்கர்க்கு விடுதி நடத்திற்று. ஊரும் பேரும் வேண்டா. விடுதியைப் பார்த்துக்கொண்டவர் பொருளாளர்க்கு உறவினர், நல்லவர். சமையற்காரர் நோயுற்ற நாள்களில் நாலு மணிக்கு எழுந்து பிள்ளைகட்குத் தாமே கஞ்சி காய்ச்சியவர். ஆனால் அரிசி வாங்கியதற்குச் சீட்டில்லை, விறகுக்குச் சீட்டில்லை. புதிதாக வந்த இளைஞரொருவர் ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டார். "நம் பிள்ளையையே ஐயுறுவதா?" என்று பெரியோர் சினந்தனர். இளைஞர் அமர்ந்துவிட்டார், மறுவாண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு கடைக்காரர் கடன் கேட்டு வாயிலில் நிற்க, விடுதி பூட்டப்பட்டது. முப்பது பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினர். அவருட் சிலர் மீண்டும் பள்ளி காணவேயில்லை. அன்று அவ்விளைஞர்க்குத் துணையாக எழாது வாய்வாளாதிருந்தாருள் யாமும் ஒருவேம். ஙாத்தாவின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எமக்கு அக்கூட்டமே நினைவில் எழுகின்றது.

குடிவழிப் படையும் குடிக்குழுக்களும்

1939-இல் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. இம்முறை அரசு முன்னைய பிழையைச் செய்யவில்லை. கட்டாயப் படைச்சேர்க்கை மாவோரியர்க்கு இல்லையென விலக்கப்பட்டது. மாவோரி உறுப்பினர் வேண்டியவாறு, அவர்கட்கெனத் தனிப்படையொன்று அமைக்கவும் அரசு இசைந்தது. அதுவே 28-ஆம் மாவோரிப் படை.

அப்படையின் நான்கு பிரிவுகள் குடிவழியே வகுக்கப்பட்டன. வடநாட்டார் முதற்பிரிவு, ரோத்தோருவா, பிளெண்டி விரிகுடாப் பகுதியார் இரண்டாம் பிரிவு, கிழக்குக் கடற்கரையார் மூன்றாம் பிரிவு, வைக்காத்தோ முதல் தென்தீவு வரை எஞ்சிய இடத்தார் நான்காம் பிரிவு. வடநாட்டார் கௌரி மரப்பிசின் தோண்டுவோர் ஆதலின் பிசின் தோண்டிகள் என்றும், ரோத்தோருவாச் சிறுவர் பயணிகள் நீரில் எறியுங் காசுக்கு மூழ்குவர் ஆதலின் காசுக்கு மூழ்கிகள் என்றும், கிழக்குக் கரையார் குதிரையேற்றத்தில் வல்லர் ஆதலின் மாடோட்டிகள் என்றும் நகைச்சுவைப் பெயர் பெற்றனர். அண்ணனும் தம்பியும், மாமனும் மருமகனும் ஒரே வரிசையில் நின்றனர். பக்கத்தில் நிற்பவன் புறங்கொடுத்தான் என்னுஞ் சொல் ஊரிலுள்ள தாய் செவிக்கு எட்டும் என்பதை அறிந்த வீரன் எங்ஙனம் பின்வாங்குவான்? போர் முடியுமளவும் ஏறத்தாழ 3,600 பேர் அப்படையிற் பணியாற்றினர்.

படை கடல்கடந்தபின் ஊரில் எஞ்சியோரை ஒழுங்குபடுத்தும் வேலை எழுந்தது. வெறும் ஊழியரைக்கொண்டு அது முடியாதெனக் கண்ட வடநாட்டு உறுப்பினர் பராய்ரே பைக்கேயா, மாவோரிப் போர்முயற்சி அமைப்பு என்னும் திட்டத்தை அரசின்முன் வைத்தார். 1942 ஜூன் 3-ஆம் நாள் அமைச்சரவை அதனை ஏற்றது. முதற்கண் ஆறு திங்களுக்கே இசைவு தரப்பட்டதெனினும், பயன் கண்டு அக்காலம் நீட்டிக்கப்பட்டது.

அவ்வமைப்பின் செயன்முறை கருதத்தக்கது. நாடு 21 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஊர்தோறும் குடிக்குழு; குழுக்கள் பலவற்றின் பேராளர் சேர்ந்து செயற்குழு; வட்டத்திற்கு மாவோரி அலுவலர்; எல்லாவற்றிற்கும் மேல் பார்லிமெண்டின் மாவோரி உறுப்பினர். ஓராண்டிற்குள் 300-க்கு மேற்பட்ட குடிக்குழுக்கள் தோன்றின. குழுவினர் மன்றிற் கூடி, ஊரிலுள்ளார் இன்னார் இன்னார் என்று பதிந்தனர். இவன் படைக்குச் செல்லலாம். இவன் ஒரே மகன், முதிய தாய்க்குத் துணையாயிருத்தல் வேண்டும். இவள் நகரத் தொழிற்சாலைக்கு ஏற்றவள். இக்குடும்பம் பால்பண்ணையை விட்டால் நிலம் பாழாகும் என்று ஒவ்வொருவரையும் நேரில் அறிந்தார் கூடி முடிவு கூறுவது அம்முறை. தொழிலாளரைப் பங்கிடும் அரசு அலுவலர் அக்குழுக்களின் கருத்தைக் கேட்கவேண்டியவராயினர். பைக்கேயா 1943 ஏப்ரலில் மறைந்தபின், தென்தீவு உறுப்பினர் எருவேரா திரிக்காத்தேனே அப்பொறுப்பை ஏற்று நடத்தினார்.

குழுக்களின் வேலை ஆள் திரட்டுதலோடு நின்றுவிடவில்லை. காய்கறியும் சர்க்கரைவள்ளியும் மிகுதியாகப் பயிரிடச் செய்தனர். சப்பானினின்று வருதல் தடைப்பட்ட அகர் என்னும் பொருளின்பொருட்டுக் கடற்கரை மாவோரியர் கடற்பாசி திரட்டினர். இறைச்சி பதனிடும் ஆலைக்கும் படைக்கலச் சாலைக்கும் நகரம் புக்க இளமகளிர்க்கு உறையுள் தேடவும், அவர் நலம் காக்கவும் மாவோரிப் பெண் அலுவலர் அமர்த்தப்பட்டனர்.

விளைவு யாது? 1936-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாவோரி மக்கள்தொகை 82,326. அத்தகைய சிறு சமூகத்தினின்று, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பணிபுரியப் படையிற் பதிந்தவர் ஏறத்தாழ 16,000 பேர். கட்டாயச் சட்டம் ஒன்றும் அவர்மேல் இல்லை. 1918-இல் காவலர் தூக்கிச் சென்றும் கிடைக்காத இசைவு, கால் நூற்றாண்டு கழித்து மன்றங்களில் தானே விளைந்தது.

கொடுத்த விலை

இதன் மறுபுறத்தையும் மறையாது கூறுதல் வரலாறு எழுதுவார் கடன். குடிவழிப் படையில் துணிவு பெருகியவாறே துயரும் ஓரிடத்தே குவிந்தது. 1944 பிப்ரவரி 17-ஆம் நாள் இரவு, இத்தாலியிலுள்ள கசினோ நகரின் இருப்புப்பாதை நிலையத்தைக் கைப்பற்ற மாவோரிப் படையின் முதலிரு பிரிவுகள் ஏவப்பட்டன. ஏறத்தாழ 200 பேர் சென்றனர். அவருள் 130 பேர் இறந்தும், புண்பட்டும், சிறைப்பட்டும் போயினர். அந்நாள்களிலேயே மேலேயுள்ள மடாலயக் குன்றின்மீது நம் நாட்டு நான்காம் இந்தியப் படைப்பிரிவு ஏறிப் பொருதது. அப்பிரிவில் மதராஸ் சாப்பர்களும் இருந்தனர். ஒரே மலையின் அடியிலும் முடியிலும் இரு நாட்டு இளைஞர் குருதி சிந்தினர்.

ஒரு பிரிவு அழிந்தால் ஒரு வட்டாரமே தன் பிள்ளைகளை ஒருங்கே இழக்கும். போரில் மாண்ட மாவோரிப் படையினர் 649 பேர். குடியை நடத்தவேண்டிய தலைமுறையின் முன்வரிசை அவருள் இருந்தது. மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஙாரிமு என்னும் இளைஞர் 1943 மார்ச்சில் தூனிசியாவில் வீழ்ந்து, விக்டோரியாச் சிலுவை என்னும் உயர்விருதுக்கு உரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் ருவாத்தோரியா என்னுமூரில் கூடிய பேரவையில் அவ்விருது அவர்தம் பெற்றோர் கையில் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில், குடியுரிமையின் விலை என்னும் பொருள்பட ஙாத்தா ஒரு சிறுநூல் எழுதினார். தம்மைச் சமமாக மதித்தற்பொருட்டு இச்சமூகம் இவ்வளவு கொடுத்ததே என்பது அத்தலைப்பின் குறிப்பு. ஙாரிமுவின் பெயராலும் அப்படையின் பெயராலும் 1945-இல் மாவோரி மாணாக்கர்க்குக் கல்வி உதவிநிதி ஒன்று சட்டத்தால் நிறுவப்பட்டது.

போருக்குப் பின்

போர் முடியும் தறுவாயில் மாவோரித் தலைவர்கள் முன் ஒரு வினா நின்றது. போருக்கென எழுந்த குடிக்குழுக்கள் இனி யாது செய்வது? வீடு, கல்வி, தொழில் ஆகியவற்றை அக்குழுக்களே தொடர்ந்து நடத்தலாமென்றும், அமைப்பு அரசுத் துறைக்கு அடங்காது தனித்து நிற்கவேண்டுமென்றும் திரிக்காத்தேனே முதலியோர் விரும்பினர். துறையோ அதனைத் தன்னுள் அடக்கிக்கொள்ள விழைந்தது. 1945-ஆம் ஆண்டின் மாவோரிச் சமூகப் பொருளாதார முன்னேற்றச் சட்டம் இவ்விழுபறியின் முடிவு. குடிக்குழுக்கள் நிலைபெற்றன, ஊர்க்காவல் போன்ற மாவோரிக் காப்பாளர் பதவியும் தோன்றிற்று, ஆனால் எல்லாம் துறையின் கீழ் அமைந்தன. குழுவின் பெயர் ஊரிலும், அதன் பணப்பை தலைநகரிலும் ஆயின.

எனினும் வித்து அழியவில்லை. போர்முயற்சி அமைப்பிற் பழகிய ரங்கி ராயல் என்னும் படைத்தலைவர் மாவோரி நலப்பிரிவின் முதல் தலைவரானார். 1948-இல் திப்பி ரோப்பிஹா அத்துறைக்குத் தலைமைச் செயலரானார். அப்பதவியேறிய முதல் மாவோரியர் அவரே. 1951-இல் மாவோரி மகளிர் நலச்சங்கம் தோன்றிற்று. ஃபினா கூப்பர் அம்மையார் அதன் முதல் தலைவி. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரி அவையை நாடளாவ நிறுவிற்று.

இதற்கிடையில் மக்களே இடம் பெயர்ந்தனர். 1945-இல் மாவோரியருள் நாலில் மூவர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். நாற்பதாண்டிற்குள் அந்நிலை தலைகீழாகி நகரங்களில் நிறைந்தனர். ஊரிலிருந்த குழுவுக்கு நகரத் தெருவிலுள்ள இளைஞனைத் தெரியாது. ஆளறிவு என்னும் வேர் அறுந்தவிடத்துக் குழு வெறும் பெயரேடாய்விடும் என்பதற்கு இதுவும் சான்று.

இக்காலம்

1995-ஆம் ஆண்டில் வைக்காத்தோ மக்களின் நிலப்பறிப்பு வழக்குத் தீர்க்கப்பட்டது. அரசின் மன்னிப்பும், 17 கோடி நியூசீலாந்து டாலர் மதிப்புள்ள நிலமும் பொருளும் அம்மக்கட்குக் கிடைத்தன. அரசியார் இரண்டாம் எலிசபெத்தே நேரில் வந்து அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். இங்ஙனம் இழப்பீடு பெற்ற குடிகள் தத்தமக்கெனக் கழகம் அமைத்துப் பண்ணையும் மீன்தொழிலும் கட்டடமும் பள்ளியும் நடத்துகின்றன. தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் உறுப்பினர்முன் வைக்கின்றன. ஙாத்தாவின் காலத்தில் விடுபட்ட பாடம் இன்று கற்கப்பட்டது என்க.

ஆளைத் தேர்வதிலும் பழைய மரபு மறையவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வருபவர் தம் ஃபானவினரை உடனழைத்து வரலாம். அவருள் மூத்தவர் எழுந்து அவர்பொருட்டுப் பேசுதலும் உண்டு. இவ்வழக்கத்திற்கு அந்நாட்டு அரசு அலுவலகங்களும் இடந்தருகின்றன. புதிதாக அமர்ந்தவரைப் பாட்டும் உரையுமாக வரவேற்று, சுற்றத்தார் அவரைக் கழகத்தின் கையில் ஒப்படைப்பர். இழவுக்குச் செல்லுதல் மாவோரியர்க்குத் தவிர்க்கலாகாக் கடன். 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டமும், நெருங்கிய உறவல்லாதார் இழவுக்கு விடுப்பளிக்கக் கருதவேண்டியவற்றுள் பண்பாட்டுக் கடமையையும் ஒன்றாக வைத்துள்ளது.

28-ஆம் படையின் கடைசி வீரராக எஞ்சியிருந்த ஸர் ராபர்ட் கில்லீஸ் 2024 நவம்பரில் தம் 99-ஆம் அகவையில் மறைந்தார். அவருடன் அப்படையின் நேர்ச்சான்று முடிந்தது.

முடிவுரை

நேயர்காள்! இவ்வரலாற்றினின்று யாம் கண்டது இதுவே. 1918-இல் ஏடு இருந்தது, ஆளறிவு இல்லை, வேலை நடவாதாயிற்று. 1934-இல் ஆளறிவு இருந்தது, கணக்கு இல்லை. நடந்த வேலையும் பழியாயிற்று. 1942-இல் இரண்டும் ஓரளவு கூடின. சிறுசமூகம் பெருஞ்செயல் செய்தது. 1945-இற்குப்பின் குழு ஊரிலிருக்க அதிகாரம் பிறிதோரிடம் சென்றது, செயல் தளர்ந்தது.

உறவால் இணைந்த கழகத்திற்கு ஆளறிவு இயல்பாகவே வாய்த்த செல்வம். இன்னார் மகன் படித்திருக்கின்றான், இன்னார் மகள் கைத்தொழில் கற்றிருக்கின்றாள், இன்னார் வீட்டில் உழைப்பாரில்லை என்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. ஆனால் கணக்கு இயல்பாக வாராது. அதனை வருந்தியே வருவித்தல் வேண்டும். உறவினர் ஒருவரைக் கணக்குக் கேட்டல் அவரை ஐயுறுதல் ஆகாது. அவர் நற்பெயரைக் காத்தலேயாம். அன்று அவ்விடுதிக் காப்பாளரிடம் ஆண்டுதோறும் சீட்டுக் கேட்டிருப்போமாயின், அந்நல்லவர் பெயரும் நின்றிருக்கும். அம்முப்பது பிள்ளைகளும் படித்திருப்பர்.

ஆதலின் அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் இளைஞரொருவர் எழுந்து கணக்குக் கேட்பாராயின், அவரை அமர்க என்னாதீர். தனியே நிற்கவும் விடாதீர். அவருடன் எழுந்து நிற்பாருள் யாமும் ஒருவேமாக இருப்போம்.